கிழிக்கிற கை

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்ததற்குக் காரணம் நெருப்பு அல்ல, சக்கரம் அல்ல, எழுத்தும் அல்ல. கிழிந்ததை எறிந்துவிட்டுப் புதுசு வாங்கவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான். ஒட்டுப்போட்ட துணியோடு எழும்பி நின்ற சமுதாயம் உலக சரித்திரத்திலேயே இல்லை.

இதைச் சொன்னவர் முஹம்மது தம்பி. சொன்ன இடம், ஜமாலியாவில் அவருடைய மகள் வீட்டுக் குசினி வாசல். சொன்னபோது கையில் பல் பிரஷ் இருந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை. அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை. அவருக்குத் திருகோணமலை மத்திய வீதியில் ஒரு புடவைக்கடை இருக்கிறது.

கடையின் பெயர் ‘றஹ்மா புடவை மாளிகை’. மாளிகைக்குள் ஒரே நேரத்தில் மூன்று பேர் நிற்கலாம். நாலாவது ஆள் வீதியில், அட்டைப்பெட்டி தின்றுகொண்டு டவுனுக்குள் திரிகிற மான்களோடு நின்றுதான் விலை கேட்கவேண்டும். றஹ்மா என்பது காலஞ்சென்ற மனைவியின் பெயர். வீடும் றஹ்மாவிடமிருந்து மகள் சுஹைராவுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். வாப்பாவும் மகன் அர்ஷாக்கும் அங்கே சட்டப்படி விருந்தாளிகள். மாப்பிள்ளை நிப்றாஸ் புல்மோட்டையிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்த மூன்றாவது விருந்தாளி.

அந்த மூன்றாவது விருந்தாளியைத்தான் இப்போது காணவில்லை.

நிப்றாஸ் ஆழ்கடலுக்குப் பலநாள் படகில் போனவன். பெரிய காற்று கிளம்பிய அன்று படகு வயர்லெஸ் செற்றில் ‘எஞ்சின் சரியில்ல’ என்று ஒரு குரல் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. தேடப்போன படகுகள் தேடிவிட்டுத் திரும்பிவிட்டன. அவனுடைய உம்மா பரீதா புல்மோட்டையிலிருந்து வந்திறங்கினார். எல்லாருடைய தொண்டையிலும் நின்றதை அவர்தான் வெளியே எடுத்தார்: “சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைய இத்தாவில இருத்துவம்.”

இத்தா என்றால், கணவன் இறந்து மௌத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் அடங்கியிருப்பது. அங்கே வெள்ளை உடுத்தித்தான் இருத்துவார்கள். வெள்ளை உடுத்தினால் நிப்றாஸ் மௌத். அவ்வளவுதான்.

இன்றைக்குச் சனிக்கிழமை.

சுஹைரா தைத்துக்கொண்டிருந்தாள்.

தைக்கத் தெரிந்து தைத்தால் வீட்டில் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். புருஷன் கடலில் இருக்கிற நாட்களைப் போக்க, போனில் ஒரு யப்பான் பொம்பிளையின் வீடியோவைப் பார்த்துத் தொடங்கியது. கிழிசலை மறைக்கக் கூடாதாம். வேறு நிற நூலால், பார்க்கிறவன் கண்ணில் படும்படி தைக்கவேண்டுமாம். யப்பான்காரி தைத்தால் அது சித்திரம் மாதிரி இருந்தது. சுஹைரா முதலில் தைத்த தலையணை உறை, நூலை இழுத்த இழுவையில், தொதல் இனிப்புச் சுற்றிய கடதாசி மாதிரிச் சுருங்கியது. அடுத்தது குசினிச் சன்னல் சீலை. எலி கடித்த ஓட்டைக்கு மஞ்சள் நூலில் ஒரு சூரியன்.

“முட்டைப் பொரியல் நல்லா இருக்கு ராத்தா” என்றான் அர்ஷாக்.

மூன்றாவது, உம்மா காலத்து வெள்ளைப் பெட்சீற். நடுவில் தேய்ந்து கிழிந்திருந்த இடத்தில் சிவப்பு நூலைக் கட்டி, ஒரு இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே என்று பின்னிப் பெரிய வட்டம் ஒன்று போட்டாள்.

முஹம்மது தம்பிக்குப் பொறுக்கவில்லை. “மகள், இது தையலா, கோழி கிளறின வளவா? புடவைக்கடைக்காரன்ட வீட்டில ஒட்டுப்போட்ட பெட்சீற் கிடக்கு எண்டு சனம் அறிஞ்சா, என்ட கடையில ஆர் வந்து துணி வாங்குற?”

“நான் படகுக்குக் கொண்டு போறன் மாமா” என்றான் நிப்றாஸ். “கடல்ல சனம் இல்ல.”

அந்தப் பெட்சீற்றோடுதான் அவன் கடைசியாகக் கடலுக்குப் போனான்.

*

“அர்ஷாக், இத ஒருக்கா உடுத்துப் பார்” என்று சுஹைரா ஒரு சாரனை நீட்டினாள்.

நிப்றாஸ் வீட்டில் உடுக்கிற பழைய நீலச் சாரன். முழங்கால் மட்டத்துக் கிழிசல் முழுக்க ஆரஞ்சு நூல். விடிய விடியத் தைத்திருக்கிறாள்.

அர்ஷாக் கெம்பஸில் இரண்டாம் வருடம். எதையும் முகம் மாறாமல் சொல்லுவான். “இது உட்துறைமுகத்தில நிக்கிற கப்பலுக்கும் தெரியும் ராத்தா” என்றபடி சாரனைத் தலைவழியே போட்டான்.

தலை உள்ளே போனது. வெளியே வரவில்லை.

சாரனுக்குள் இரண்டு கைகள் கொஞ்ச நேரம் எதையோ தேடின. பிறகு குரல் வந்தது.

“ராத்தா.”

“என்ன?”

“மற்றப் பக்கத்தால வாற பாதைய மூடிப்போட்டாய்.”

சாரன் இரண்டு பக்கமும் திறந்த குழாய். ஒரு கையை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டு தைக்காவிட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகிவிடும். யப்பான்காரியின் வீடியோவில் சாரன் வரவில்லை.

முஹம்மது தம்பி சிரிப்பதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

சுஹைரா அர்ஷாக்கின் தலையிலிருந்து சாரனை உருவி எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். “அவர் வந்தா எத உடுக்கிற?” என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. “நனைஞ்ச உடுப்போட வந்து நிப்பார். நான் மூடித் தச்சு வெச்சிருக்கன்.”

பிறகு பல்லால் நூலைக் கடித்துப் பிரிக்கத் தொடங்கினாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள்.

கதிரையில் இருந்த பரீதா எழும்பி வந்தார். “வை மகள் அத.”

“இன்னும் கொஞ்சம் மாமி.”

“நீ படுத்து எத்தின நாள்?”

“இதப் பிரிச்சுத் திருப்பித் தச்சிட்டுப் படுக்கிறன்.”

பரீதா அவளுடைய தலையில் கை வைத்தார். அந்தக் கை மிகவும் பட்சமாகத்தான் இருந்தது. அதே பட்சத்தோடு முஹம்மது தம்பியைப் பார்த்துச் சொன்னார்: “நானா, கடைக்குப் போவம். வெள்ளை எடுக்கோணும்.”

*

திருகோணமலை டவுனில் வெள்ளைத் துணி என்றால் றஹ்மா புடவை மாளிகைதான். இறந்தவரைச் சுற்றுகிற கபனுக்கும் இத்தாவுக்கும் சனம் அங்கேதான் வரும். முஹம்மது தம்பி கத்தரியை விளிம்பில் ஒரு கொத்துக் கொத்துவார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவை. சர்ரென்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை போகும். “தைக்கிறவன் வேற சாதி, கிழிக்கிறவன் வேற சாதி” என்பார் பெருமையாக. “என்ட கை கிழிக்கிற கை.”

இன்றைக்கு அந்தக் கை வெள்ளைச் சுருளை ராக்கையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதன் மேலேயே இருந்தது.

“மௌலவி பொறுக்கச் சொன்னவர்” என்றார் முஹம்மது தம்பி. “ஆதாரம் இல்லாம அவசரப்படாதீங்க எண்டவர்.”

“எனக்கும் அப்பிடித்தான் சொன்னவங்க.”

“எப்ப?”

“சுனாமியில. நிப்றாஸ்ட வாப்பா போனபோது. ஆள் கிடைக்கல்ல, பொறுங்க எண்டாங்க. பொறுத்தன் நானா. கதவுக்குக் கொண்டி போடாமப் படுத்தனான். மழையில கதவு அடிச்சா அவர்தான் எண்டு எழும்புவன். நிப்றாஸுக்கு மீசை முளைச்ச பிறகு ஒரு நாள், நாய் வருது எண்டு கொண்டியப் போட்டன். அண்டைக்குத்தான் அவர் மௌத்தான மாதிரி இருந்துது. அண்டைக்கு அழ என்னோட ஒருத்தரும் இல்ல. எல்லாரும் முந்தியே அழுது முடிச்சிட்டாங்க.”

வாசலில் மான் ஒன்று தலையை நீட்டி வெள்ளைத் துணியை முகர்ந்து பார்த்தது. வாங்கவில்லை.

“இத்தாவுக்கு முடிவு நாள் இருக்கு” என்றார் பரீதா. “காத்திருக்கிறதுக்கு இல்ல. நான் என்ட மகன மௌத்தாக்க வரல்ல. உங்கட மகளயாவது காப்பாத்துவம் எண்டு வந்தனான். கிழிங்க.”

“கத்தரி மொட்டையாப் போச்சு.”

“நீங்க கத்தரியால வெட்டுற ஆள் இல்லயே நானா.”

முஹம்மது தம்பி அளந்தார். விளிம்பில் கொத்தினார். இரண்டு கையாலும் பிடித்தார். பருத்தித் துணிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இழுக்கிறவன் மனசு எப்படிக் கோணினாலும் அது இழை வழியே நேராகத்தான் கிழியும். அவர் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு துணி கோணலாகக் கிழியவேண்டும், பாழாகவேண்டும், இது சரிவராது என்று சொல்லி வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

சர்ரென்று நேராகக் கிழிந்தது.

மடித்து, பழுப்புக் கடதாசியில் சுற்றி, நூல் கட்டினார். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் அறையில் வேலை செய்கிற கிருஷாந்த், நிப்றாஸின் கூட்டாளி.

“முதலாளி, ஒருக்கா வாறீங்களே? ஒரு படகு இப்பதான் கரைக்கு வந்தது. கடல்ல மிதந்த துணி ஒண்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கினம்.”

“என்ன துணி?”

“வந்து பாருங்கோ.”

*

ஐஸ் பெட்டி மூடியொன்றின் மேல் அதை விரித்து வைத்திருந்தார்கள். உப்பில் விறைத்து, டீசல் கறையோடு, பாதிதான் இருந்தது. நடுவில் சிவப்பு வட்டம்.

முஹம்மது தம்பி கிட்டப் போகாமலே நின்றார்.

“இந்த வட்டத்த ஹாபர் முழுக்கத் தெரியும்” என்றான் கிருஷாந்த். “படகு வெளிக்கிட முந்தி நிப்றாஸ் அதில காயப்போட்ட நேரம், யப்பான் கொடி எண்டு பகிடி பண்ணினனாங்கள். அவன் கோவிக்கேல்ல. வீட்டுக்காரி தச்சது, உங்கட ஆக்கள் ஆராவது தச்சுத் தந்தவையோ எண்டு கேட்டவன்.”

பரீதா கிட்டப் போனார். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரத்தில் வேறொரு தையல் இருந்தது. அது சுஹைராவின் கிளறல் இல்லை. வலை பொத்துகிற நைலோன் நூலால், நெருக்கமாக, ஒரே அளவாக, பெட்சீற்றோடு ஒரு சாரன் துண்டையும் அரிசிச் சாக்கையும் சேர்த்துத் தைத்திருந்தது. விளிம்பு நெடுகிலும் கயிறு கோர்க்கிற வளையங்கள்.

“இது என்ன?” என்றார் முஹம்மது தம்பி.

“பாய்மரத்துப் பாய், முதலாளி. எஞ்சின் ஓடுற படகில ஒருத்தரும் பெட்சீற்றுக்குக் கயிறு போட மாட்டினம். எஞ்சின் நிண்ட பிறகு, காத்துப் பிடிச்சுக் கரைக்கு வரத் தச்சிருக்கினம். தையலப் பாருங்கோ, எவ்வளவு ஒழுங்கு. அந்தப் பெரிய காத்துக்குள்ள இப்பிடித் தைக்க ஏலாது. கடல் அடங்கின பிறகுதான் தச்சிருக்கோணும்.”

“அப்ப காத்துக்குப் பிறகும்…”

“ஓம். காத்துக்குப் பிறகும் இருந்திருக்கினம்.”

“இப்ப?”

கிருஷாந்த் பெட்டி மூடியைப் பார்த்தான். “பாய் பிய்ஞ்சு இங்க வந்திட்டுது. படகு எங்க எண்டு இது சொல்லாது. எடுத்த இடத்தச் சொல்லியாச்சு, திருப்பியும் தேடுவினம். ஏதும் எண்டால் உங்கட நம்பருக்கு எடுப்பினம்.”

பரீதா இன்னும் அந்தத் தையலைத் தடவிக்கொண்டிருந்தார். “மற்றப் பக்கம் சரிஞ்சிருக்கு” என்றார் மெதுவாக. “ஒவ்வொரு தையலும். இது இடக்கைக்காரன் தச்சது. நிப்றாஸ்.”

*

ஓட்டோவில் பழுப்புப் பார்சல் முஹம்மது தம்பியின் மடியில் இருந்தது. பெட்சீற்றைக் கிருஷாந்த் ஒரு சொப்பின் பேக்குக்குள் திணித்துக் கொடுத்திருந்தான். பரீதா பேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாதி வழியில் அவர் சொன்னார்: “நானா, இத அவளுக்குக் காட்டாதீங்க.”

“உங்கட மகன் தச்சது.”

“அதாலதான். இதக் கண்டா அவள் கதவுக்குக் கொண்டி போட மாட்டாள். பாய் பிய்ஞ்சு வந்திட்டுது நானா. பாய் இல்லாத படகு எங்க போகும்? அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.” முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். “என்ட வாழ்க்கைய அந்தப் பிள்ளைக்குக் குடுக்காதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன். எங்கயாவது எறிஞ்சிருங்க.”

சொல்லச் சொல்ல, பேக்கிலிருந்து வெளியே வந்திருந்த துணி நுனியை அவருடைய விரல்கள் விடாமல் பிடித்திருந்தன.

ஜமாலியாச் சந்தியில் முஹம்மது தம்பி ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். பேக்கை வாங்கிக்கொண்டு இறங்கினார். கிழிந்த, கறை பிடித்த, பாதித் துணி. இப்படிப்பட்டதை என்ன செய்யவேண்டும் என்பதில் அவருக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. குப்பைத் தொட்டியும் பக்கத்தில்தான் இருந்தது. மூடிகூட இல்லை.

அவர் தொட்டிக்கு முன்னால் நின்றார். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. தொட்டிக்குள் மேய்ந்துகொண்டிருந்த ஆடு தலையைத் தூக்கி, போடுவீர்களா மாட்டீர்களா என்கிற மாதிரிப் பார்த்தது.

பேக்கோடு திரும்பி வந்து ஓட்டோவில் ஏறினார். பரீதா துணி நுனியைத் திரும்பவும் பிடித்துக்கொண்டார்.

*

வீட்டில் அஸர் தொழுதுவிட்டு அயல் பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அர்ஷாக் முற்றத்தில் கதிரை போட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவன் வாயிலிருந்து பகிடி வரவில்லை. சுஹைரா அறைக்குள் கட்டிலில், மடியில் நீலச் சாரன். கால்வாசிதான் பிரித்திருந்தாள்.

முஹம்மது தம்பி பார்சலையும் பேக்கையும் கட்டிலில் வைத்தார்.

“மகள், இது வெள்ளை. நான்தான் கிழிச்சுக் கொண்டு வந்தனான்.” பேக்கை அவள் பக்கம் தள்ளினார். “இது கடல்ல மிதந்து வந்தது. ரெண்டையும் பார்.”

சுஹைரா பார்சலைத் தொடவில்லை. பேக்குக்குள் கையை விட்டாள். விறைத்த துணி கடதாசி மாதிரிச் சத்தம் போட்டது. வட்டத்தைக் கண்டதும் ஒரு சத்தம் அவளிடமிருந்தும் வந்தது. அதை அழுகை என்றும் சொல்ல ஏலாது.

வாசலில் நின்ற பெண்கள் ‘யா அல்லாஹ்’ என்றார்கள். ஒருத்தி அழ ஆயத்தமானாள். கடலில் மிதந்து வந்த துணி என்றால் அவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

சுஹைராவின் விரல் ஓரத்துக்குப் போனது. நைலோன் நூலில் நின்றது. வளையம் வளையமாகத் தடவிக்கொண்டு போனது.

“இது படகில தச்சது” என்றாள். “என்ட வட்டத்தில ஊசி படல்ல வாப்பா. சுத்தித்தான் தச்சிருக்கு.” தலையைத் தூக்கினாள். “மாமி, இது அவர்ட கையா?”

பரீதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இல்லை என்று ஒரு சொல் போதும். படகில் நாலு பேர் போனார்கள், யாராவது தைத்திருக்கலாம். பெண்கள் வெள்ளையைப் பிரிப்பார்கள். பிள்ளை அழும். நாலு மாதமும் பத்து நாளும் போனால் எழும்பி வெளியே வரும்.

அவர் முஹம்மது தம்பியைப் பார்த்தார். முஹம்மது தம்பி தரையைப் பார்த்தார்.

“சொல்லுங்க மாமி.”

“ஓம்” என்றார் பரீதா. “இடக்கை.”

அப்படியே நிலையைப் பிடித்தபடி தரையில் இருந்துவிட்டார். “அல்லாஹ்வே, எனக்குத் திருப்பியும் தொடங்குது” என்றார். “திருப்பியும் தொடங்குது.”

சுஹைரா கட்டிலிலிருந்து இறங்கி வந்து மாமியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் நெடுநேரம் அப்படியே இருந்தார்கள். அழவேண்டும் என்று வந்த பெண்களுக்கு இப்போது எதற்கு அழுவது என்று தெரியவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.

பழுப்புப் பார்சலை யாரோ எடுத்து முன்னறைக் கதிரையில் வைத்தார்கள். பிறகு அந்தக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை.

*

அர்ஷாக்கைத் துறைமுகத்துக்கு அனுப்பியாயிற்று. ஏதும் செய்தி வந்தால் முதல் ஆளாகக் கேட்க ஒருவன் வேண்டும். போகும்போது, “ராத்தா, அந்தச் சாரன் அப்பிடியே கிடக்கட்டும். மச்சான் வந்து தலையப் போட்டுப் பார்க்கட்டும்” என்றான். சுஹைரா சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

பெட்சீற்றை நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, முற்றத்து வெயிலில் போட்டு, பாதி காய்ந்தும் காயாமலும் இருக்கும்போதே உள்ளே கொண்டு வந்தாள். வட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நீளக் கிழிசல். தரையில் பாய் போட்டு, வாப்பாவின் முன்னால் இருந்து, சிவப்பு நூல் கோர்த்துத் தைக்கத் தொடங்கினாள்.

“பாதித் துணிய வெச்சு என்ன செய்யப் போறாய்?” என்றார் முஹம்மது தம்பி. பழக்கதோஷம்.

“மற்றப் பாதி அவரிட்ட இருக்கு.”

கொஞ்ச நேரத்தில் ஊசி மெதுவாகியது. பிறகு நின்றது. சுஹைரா துணியின் மேலேயே கன்னத்தை வைத்துச் சரிந்துவிட்டாள். இத்தனை நாள் வராத நித்திரை எல்லாம் ஒன்றாக வந்து அவளை அமத்தியது. ஊசி இன்னும் விரலுக்குள் இருந்தது.

குத்திவிடப் போகிறது என்று முஹம்மது தம்பி குனிந்து ஊசியை எடுத்தார். எங்காவது குத்தி வைக்கவேண்டும். துணியில் குத்தினார். மற்றப் பக்கத்தால் வந்தது. வந்ததை இழுத்தார். நூல் கூடவே வந்து கிழிசலின் இரண்டு கரையையும் கொஞ்சம் கிட்டக் கொண்டு வந்தது.

குசினிப் பக்கம் பார்த்தார். பரீதா சட்டி கழுவுகிற சத்தம். முற்றத்தில் ஒருவரும் இல்லை.

கிழிசலின் இந்தப் பக்கத்தை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொன்று குத்தினார். முதலாவது ஒரு நீளம், இரண்டாவது அதில் பாதி, மூன்றாவது வேறு திசை. நாற்பது வருடமாகத் துணியைக் கையாண்ட மனுசனின் தையல், பக்கத்தில் இருந்த மகளுடைய தையலையே வீதி போட்ட மாதிரி நேராகக் காட்டியது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல வட்டத்தை நோக்கிப் போனார்.

போன் அடித்தது.

சுவரில் கொழுவியிருந்த சேர்ட் பைக்குள். முஹம்மது தம்பி எழும்பினார். பெட்சீற்றும் எழும்பியது. மகளின் கன்னம் துணியோடு இழுபட்டது. குனிந்து பார்த்தார். துணியையும் தான் உடுத்திருந்த சாரனையும் ஒன்றாகச் சேர்த்து, முழங்காலிலிருந்து தொடை வரை, சிவப்பு நூலில் தைத்து வைத்திருந்தார்.

அப்படியே இருந்துவிட்டார்.

குசினியிலிருந்து ஈரக் கையோடு பரீதா ஓடி வந்து போனை எடுத்தார். திரும்பி நின்று காதில் வைத்தார்.

“ஓம். ஓம் மகன், நான் நிப்றாஸ்ட உம்மாதான். அவன்ட மாமா இங்கதான் இருக்கார். சொல்லுங்க.”

பிறகு கேட்டுக்கொண்டு நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

என்னவாம் என்று கேட்கலாம். கேட்டால் மறுமொழி வரும். மகள் அப்போதுதான் நித்திரை கொண்டிருந்தாள்.

முஹம்மது தம்பி சத்தம் இல்லாமல் நூலை இழுத்து, ஊசியை மற்றக் கரைக்குள் விட்டார்.